நூற்றுப் பதினேழாம் கல்

வேப்பனப்பள்ளி தாண்டி
கடைப் பலகைகள் தெலுங்காகி
மறுபடி தமிழாகி
எது எங்கே முடிகிறதென்று
நாய்களுக்கும் பிடிபடாத இடத்தில்
அந்தக் கருங்கல் குவாரி.

குத்தகை இரண்டு.
குப்பத்தில் எழுதியது ஒன்று, கிருஷ்ணகிரியில் ஒன்று.
நடுவே எல்லைக்கல், எண் நூற்றுப் பதினேழு.
தொட்டால் இரண்டு சர்க்காரும் கேள்வி கேட்கும் என்று
கல்லை விட்டுவிட்டு
சுற்றியிருந்த இரண்டு மாநிலத்தையும்
எடுத்துவிட்டார்கள்.

எழுபதடிப் பள்ளத்தின் மத்தியில் இப்போது
ஒற்றைப் பாறைத்தூண்.
அதன் தலையில் ஒரு பாய் அகலம் பழைய தரை,
ஓர் ஆவாரஞ்செடி,
செடியை ஒட்டிக் கல்.

கூட்டுத் தணிக்கை.
அந்தப் பக்கத்து சர்வேயர் ஓபுலேசு,
இந்தப் பக்கத்துக்கு நான்,
கருவி தூக்க மாதப்பன்.
நவமியில் அளவு தொடங்காதீங்க மேடம்
என்றான் வந்ததுமே.
அவன் சொன்னபடியே ஆயிற்று.
பகல் முழுக்கத் தூசி.
லாரிகள் நின்று காற்று தெளிவதற்குள் இருட்டிவிட்டது.
வெடிக்கிடங்குக் காவலாளியின் தகரக் கொட்டகையில்,
விளிம்பிலேயே, படுத்துக்கொண்டோம்.

தூக்கம் வரவில்லை.
பதினோரு மணிக்கு மேல்
நிலா மேற்கே இறங்கிக் குழலின் எட்டுக்குள் வந்தது.
பழைய தியோடலைட்டு, எதையும் தலைகீழாய்க் காட்டுவது.
சும்மா திருப்பினேன்.

தெற்கு மேலே நின்றது.
அங்கே டைக்கோ.
வட்டச் சுவர். சுவரின் உட்புறம்
நம் குவாரியின் வெட்டுப்படிகள் மாதிரியே
அடுக்கடுக்காய்ச் சரிந்த பாறை.
தரையெல்லாம் மை.
மையின் நடுவே குருணையளவு வெளிச்சம்:
விடியல் இப்போதுதான்
நடுச்சிகரத்தின் நுனிக்கு வந்திருக்கிறது.

ஓபுலேசு குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.
"இதி மன ராயே கதா" என்றார்,
நம்ம கல்தானே இது, என்று.

இல்லை சார், அது எஞ்சியது இல்லை.
ஏதோ வந்து மோதியதில் பாறை தண்ணீர்போல் ஆடி
அடியில் கிடந்தது துள்ளி எழுந்து
திரும்ப விழுவதற்குள் இறுகிவிட்டது.
அங்கே சிகரம் என்பது ஆழம்.
இங்கே உச்சியில் நிற்பதுதான் தரை.
நாம் படுத்திருக்கும் இந்த மேடுகூடக்
கொட்டிய கழிவு.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பீடி பற்றவைத்தார்.

மாதப்பனுக்கு வேறு சந்தேகம்.
அந்தக் குழியிலிருந்து ஒரு பக்கமாய் ஓடுகிறதே
வெள்ளைக் கோடு, அது என்ன?
தெறித்துப் போன தூள், என்றேன்.
"அங்கேயும் பர்கூருக்கு லோடு போகுதா?"

சிரித்தோம்.
சிரித்து முடித்துத் திரும்பினால்
நிலா வெளிச்சத்தில் நிஜமாகவே
குழியிலிருந்து மூன்று தடம் வெளுத்துக் கிடந்தது.
பாலிஷ் பட்டறைக்கு ஒன்று, குப்பத்துக்கு ஒன்று,
துறைமுகத்துக்கு ஒன்று.
தடத்தின் இருபுறமும் தக்காளி, மாந்தோப்பு,
இலைதோறும் கல்மாவு.
இங்கே ஒரு மழைக்குப் போய்விடும்.
அங்கே பத்துக் கோடி வருஷமாய்
யாரும் எதையும் கழுவவில்லை.

நிழலின் நீளமும் சூரியனின் கோணமும் கையிலிருந்தால் போதும்,
எந்தச் சிகரத்திலும் ஏற வேண்டியதில்லை.
நிலாவை அளந்தவர்கள் அப்படித்தான் அளந்தார்கள்.
காலை எட்டரைக்கு நாங்களும்.
தூணின் நிழல் மேற்கே விழுந்தது.
உங்கள் மாநிலத்தில் விழுகிறது, டேப்பை நீங்களே பிடியுங்கள்
என்றார் ஓபுலேசு.
இருபத்தொரு மீட்டர், நாற்பது சென்டி.

பதிவேட்டில் ஒரு கட்டம்:
கல்லை நேரில் தொட்டுப் பார்த்தீரா?
அவர் காலியாக விட்டார்.
நான் தூரத்தை எழுதினேன்.
இரண்டு மொழியில் கையெழுத்து, ஒரே பேனா.

பத்து மணிக்குச் சங்கு ஊதி
முதல் வெடி.
தூண் அசையவில்லை.
ஆவாரையிலிருந்து கொஞ்சம் மஞ்சள் உதிர்ந்து
மெதுவாக இறங்கியது.
எந்தப் பக்கம் என்று
நாங்கள் குறிக்கவில்லை.